சைட்டேஷன் கணக்கு உதைக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

பொறியியல் துறையில் ஒரு ஆய்வாளரின் சைட்டேஷன் கணக்கை, அதாவது அவர் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை தடவை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதை எடுத்துத் தரச் சொன்னால், பெரும்பாலும் நடப்பது இதுதான்: கூகுள் ஸ்காலரில் பெயரைத் தட்டி, ஓரத்தில் தெரியும் எண்களைக் குறித்துக்கொண்டு வந்துவிடுவது. பதவி உயர்வு விண்ணப்பம், ஆய்வு வழிகாட்டி அங்கீகாரம், புராஜெக்ட் நிதி கேட்கும் படிவம் என்று எல்லா இடத்துக்கும் அந்த எண் போய்ச் சேர்கிறது. நேர்காணலில் யாராவது ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தைத் திறந்து பார்த்து, "இதில் பாதிகூட இல்லையே" என்று கேட்கும்போதுதான் சிக்கல் தெரிகிறது.

இந்தச் சிக்கலைப் பிரிப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஆள் சரியா என்று பார்க்க வேண்டும்: அந்தக் கட்டுரைகள் எல்லாம் அவருடையவைதானா, அவருடையவை எல்லாம் வந்திருக்கின்றனவா. அடுத்தது, தரவுத்தளம் எதைச் சேர்க்கிறது, எதை விடுகிறது. அப்புறம்தான் கணக்கு. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்ற கேள்வி கடைசியில் வரும். முதல் படி தப்பென்றால் மற்றதில் செலவழிக்கும் நேரம் அத்தனையும் வீண். கீழே உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போகலாம். ஆனால் எதையும் மாற்றும் முன், இப்போது இருக்கும் பக்கத்தைப் படமெடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியபின் பழைய நிலை எங்கும் கிடைக்காது.

அறிகுறி: கட்டுரைகள் காணவில்லை, அல்லது ஒரே ஆள் இரண்டு மூன்று ப்ரொஃபைலாகச் சிதறிக் கிடக்கிறார்

தமிழ்ப் பெயர் உள்ளவர்களுக்கு இதுதான் முதல் நோய், மிகப் பெரிய நோயும்கூட. தரவுத்தளங்கள் எல்லாம் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்ற இரண்டு கட்டத்தோடு கட்டப்பட்டவை. நமக்கோ இருப்பது அப்பா பெயரின் முதல் எழுத்தும் நம் பெயரும்.

மாதிரிக்கு, கந்தசாமியின் மகன் முருகன் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரியில் படிக்கும்போது "கே. முருகன்" என்று எழுதுகிறார், தரவுத்தளம் முருகன் என்பதைக் குடும்பப் பெயராக எடுத்து "முருகன், கே." என்று பதிகிறது. இன்னொரு கான்ஃபரன்ஸில் இனிஷியலைப் பின்னால் போட்டு "முருகன் கே" என்று எழுதுகிறார். இப்போது குடும்பப் பெயர் வெறும் "கே". ஸ்கோபஸில் "கே., முருகன்" என்று ஒரு புது மனிதர் பிறக்கிறார். பிறகு பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து எழுத வேண்டியிருக்கிறது. வெளிநாட்டில் ஆய்வு செய்யும் காலத்தில் "முருகன் கந்தசாமி" ஆகிறார். அங்கே குடும்பப் பெயர் கந்தசாமி. இவர் மூன்றாவது ஆள். பெண்களுக்கு இதில் இன்னொரு அடுக்கு சேர்கிறது: திருமணத்துக்குப் பின் அப்பா இனிஷியல் போய்க் கணவர் இனிஷியல் வந்தால், அதுவரை செய்த வேலை முழுவதும் வேறொருவர் பெயரில் நிற்கும். வகுப்பு எடுத்துக்கொண்டு, குழந்தையையும் பார்த்துக்கொண்டு பத்து வருடம் உழைத்து எழுதியது ஒரு எழுத்தால் காணாமல் போவது சின்ன விஷயம் இல்லை. ஆகவே இதற்கு மட்டும் அரைநாள் ஒதுக்கலாம் என்பது என் கருத்து.

சரிசெய்யும் விதம்: ஸ்கோபஸில் ஆசிரியர் தேடலுக்குப் போய், உங்கள் பெயர் எந்தெந்த வடிவில் வரக்கூடுமோ அத்தனையையும் தட்டிப் பாருங்கள். இனிஷியல் முன்னால், பின்னால், விரித்தது, எழுத்துக்கூட்டல் மாறியது, எதையும் விட வேண்டாம். நிறுவனத்தின் பெயரை வைத்தும் சலியுங்கள். பழைய கல்லூரியை மறக்காதீர்கள். கல்லூரிக்குச் சந்தா இல்லாவிட்டாலும் ஸ்கோபஸின் ஆசிரியர் பக்கத்தை இலவசமாகப் பார்க்கலாம். உங்களுடையது என்று தெரிந்த ப்ரொஃபைல்களைத் தேர்ந்தெடுத்து ஒன்றாக்கச் சொல்லிக் கோரிக்கை அனுப்பும் வசதி அங்கேயே இருக்கிறது. அதில் எந்தப் பெயர் வடிவம் நிலைக்க வேண்டும், எந்தக் கட்டுரை உங்களுடையது இல்லை, எது விட்டுப்போயிருக்கிறது என்று படிப்படியாகக் கேட்கும். பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். பரிசீலித்து முடிக்கச் சில வாரம்கூட ஆகலாம், அதனால் விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முந்தின இரவில் இதைத் தொடங்கிப் பயனில்லை.

நிரந்தரத் தீர்வு ஆர்க்கிட் எண். 2012 அக்டோபரில் தொடங்கிய பதிவேடு இது. ஒவ்வொரு ஆய்வாளருக்கும் 16 இலக்கத்தில் ஒரு அடையாள எண், இலவசம். பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது. கடைசி இடத்தில் இலக்கத்துக்குப் பதில் எக்ஸ் எழுத்து இருந்தால் பதற வேண்டாம், அது சரிபார்ப்பு எழுத்து. ஆர்க்கிட் தானாக சைட்டேஷன் எண்ணாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அது அடையாள அட்டை மட்டுமே. அதை ஸ்கோபஸோடும், அதுபோன்ற இன்னொரு தரவுத்தளமான வெப் ஆஃப் சயின்ஸோடும் இணைத்து, இனி அனுப்பும் ஒவ்வொரு கட்டுரையிலும் கொடுத்தால்தான் வேலை செய்யும். மாணவர்களுக்கு முதல் கட்டுரை அனுப்பும் முன்பே எடுத்துக் கொடுத்துவிடுங்கள். எந்தப் பெயர் வடிவத்தில் காலம் முழுக்க எழுதப் போகிறார்கள் என்பதையும் அன்றே முடிவு செய்யச் சொல்லுங்கள்.

அறிகுறி: சம்பந்தமே இல்லாத கட்டுரைகள் என் பெயரில் இருக்கின்றன

மேலே சொன்னதன் மறுபக்கம். கட்டடப் பொறியியல் பேராசிரியரின் கூகுள் ஸ்காலர் பக்கத்தில் சிறுநீரக மருத்துவக் கட்டுரை உட்கார்ந்திருக்கும். எஸ். குமார், ஆர். ராஜேஷ் போன்ற பெயர் என்றால் இது நடக்காமல் இருந்தால்தான் அதிசயம். காரணம், ப்ரொஃபைல் தொடங்கும்போது கட்டுரைகளைத் தானாகச் சேர்க்க அனுமதி கொடுத்திருப்பீர்கள். அமைப்பில் போய், புதுக் கட்டுரை வந்தால் மின்னஞ்சலில் கேட்டுவிட்டுச் சேர்க்கும்படி மாற்றுங்கள். இப்போது இருக்கும் அந்நியக் கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து நீக்குங்கள்.

எண் குறையுமே என்று தயங்குபவர்கள் உண்டு. குறையட்டும். அடுத்தவர் உழைப்பு உங்கள் கணக்கில் நின்றால், நாளைக்குச் சரிபார்க்கும் ஒருவர் உங்கள் நிஜமான கட்டுரைகளையும் சேர்த்தே சந்தேகப்படுவார்.

அறிகுறி: கூகுள் ஸ்காலரில் ஒரு எண், ஸ்கோபஸில் பாதி, வெப் ஆஃப் சயின்ஸில் அதிலும் குறைவு

இது பெரும்பாலும் பிழையே இல்லை. மூன்றும் வெவ்வேறு உலகத்தை எண்ணுகின்றன. 2004-இல் வந்த கூகுள் ஸ்காலர், இணையத்தில் ஆய்வுக் கட்டுரை போலத் தெரியும் எல்லாவற்றையும் எடுக்கிறது: ஆய்வேடு, முன்பதிப்பு, கல்லூரித் தளத்தில் போட்ட பிடிஎஃப், சின்ன ஜர்னல்கள். அதே ஆண்டில் எல்செவியர் தொடங்கிய ஸ்கோபஸ், தேர்ந்தெடுத்த ஜர்னல்களையும் கான்ஃபரன்ஸ் தொகுப்புகளையும் நூல்களையும் மட்டும் எடுக்கிறது. இப்போது கிளாரிவேட் வசம் இருக்கும் வெப் ஆஃப் சயின்ஸின் வேர், யூஜின் கார்ஃபீல்ட் 1960-களில் தொடங்கிய சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ். எல்லாவற்றையும் எடுக்காமல் முக்கியமானதைப் பொறுக்கி எடுப்பது அதன் அடிப்படைக் கொள்கையாகவே இருந்து வருகிறது.

சந்தேகம் இருந்தால் ஒரே ஒரு கட்டுரையை எடுங்கள். அதை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலை ஸ்காலரிலும் ஸ்கோபஸிலும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து, ஸ்கோபஸில் இல்லாதவை என்னென்ன என்று பாருங்கள். அவை ஆய்வேடும் முன்பதிப்பும் சிறு ஜர்னல்களும் என்றால் வித்தியாசம் இயல்பானது. ஸ்கோபஸ் எடுக்கும் ஜர்னலில் வந்த கட்டுரையே விட்டுப்போயிருந்தால் மட்டும் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

வெப் ஆஃப் சயின்ஸில் இன்னொரு கண்ணி இருக்கிறது. உங்கள் நூலகம் எந்தெந்த இண்டெக்ஸுக்கு, எந்த ஆண்டிலிருந்து பணம் கட்டியிருக்கிறதோ அதுதான் உங்களுக்குத் தெரியும். இரண்டு கல்லூரிகளில் ஒரே ஆளைத் தேடினால் இரண்டு எண் வருவது அதனால்தான்.

அறிகுறி: மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், கண்ணால் பார்த்தேன், ஆனால் எண்ணிக்கையில் ஏறவில்லை

மேற்கோள் காட்டிய கட்டுரையின் கடைசியில் இருக்கும் குறிப்புப் பட்டியலைத் திறந்து, உங்கள் கட்டுரையின் விவரம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஆண்டு ஒன்று தள்ளி இருக்கும், தொகுதி எண் விட்டுப்போயிருக்கும், ஆசிரியர் பெயர் திரிந்திருக்கும். கணினி இந்த விவரங்களைப் பொருத்தித்தான் இணைப்புப் போடுகிறது. பொருந்தாவிட்டால் அந்த மேற்கோள் அநாதையாக நிற்கும்.

பொறியியலில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. ஐஇஇஇ போன்ற பதிப்பகங்கள் கட்டுரையை முதலில் இணையத்தில் முன்கூட்டியே வெளியிடும். தொகுதியும் பக்க எண்ணும் பிறகுதான் வரும். டிசம்பரில் இணையத்தில் வந்தது அடுத்த ஆண்டு இதழில் அச்சாகும். ஒருவர் பழைய ஆண்டைப் போடுவார், இன்னொருவர் புதிய ஆண்டைப் போடுவார். மாறாமல் இருப்பது ஒவ்வொரு கட்டுரைக்கும் நிரந்தரமாகத் தரப்படும் அடையாள எண்ணான டிஓஐ ஒன்றுதான். அதனால் உங்கள் கட்டுரையை யாருக்கு அனுப்பினாலும் டிஓஐயோடு அனுப்புங்கள்.

வெப் ஆஃப் சயின்ஸில், மேற்கோள் காட்டப்பட்ட குறிப்புகளை மட்டும் தேடும் ஒரு தனித் தேடல் இருக்கிறது. அதில் உங்கள் பெயரையும் ஜர்னல் சுருக்கத்தையும் கொடுத்தால், தப்பாக எழுதப்பட்ட வடிவங்கள் வரிசையாக வந்து நிற்கும். திருத்தம் கேட்கப் படிவம் உண்டு. ஸ்கோபஸிலும் உதவி மையத்துக்கு எழுதலாம். இரண்டு கட்டுரைகளின் டிஓஐயும், குறிப்புப் பட்டியலில் எத்தனையாவது வரி என்பதும் சேர்த்து அனுப்பினால் வேலை சீக்கிரம் நடக்கும். கூகுள் ஸ்காலரில் இப்படிக் கேட்டுத் திருத்தும் வழி கிடையாது. மூலத் தளத்தில் விவரம் சரியானபின் அது மறுபடி வந்து பார்க்க வேண்டும். பழைய பதிவு மாற 6 முதல் 9 மாதம், ஓராண்டு, அதற்கு மேலும் ஆகலாம் என்று அவர்களே சொல்கிறார்கள்.

அறிகுறி: எச் இண்டெக்ஸ் திடீரென்று இறங்கிவிட்டது, அல்லது ஏறிவிட்டது

2005-இல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் முன்வைத்த அளவீடு இது. குறைந்தது எச் தடவை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் எச் எண்ணிக்கையில் இருக்க வேண்டும். கேட்க எளிது. ஆனால் ஒரே ஒரு பதிவை இணைப்பதில் எவ்வளவு ஆடும் என்பதைக் கையால் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும்.

ஒருவரின் ஒன்பது பதிவுகளுக்கு வந்த சைட்டேஷன் இப்படி இருக்கட்டும்: 42, 31, 18, 12, 9, 9, 8, 6, 3. மொத்தம் 138. ஏழாவது இடத்தில் 8 இருக்கிறது, எட்டாவது இடத்தில் 6 தான். ஆகவே எச் இண்டெக்ஸ் 7.

இதில் 6-உம் 3-உம் ஒரே கட்டுரையின் இரட்டைப் பதிவு என்று தெரிகிறது. சரியாக இணைக்கிறீர்கள். பட்டியல் 42, 31, 18, 12, 9, 9, 9, 8 என்று ஆகிறது. எட்டாவது இடத்தில் 8. எச் இண்டெக்ஸ் 8.

இப்போது அதே பழைய பட்டியலில் வேறொரு மாற்றம். இரண்டு 9-களில் ஒன்று கான்ஃபரன்ஸில் வந்தது, மற்றது அதையே விரித்து எழுதிய ஜர்னல் கட்டுரை. தலைப்பு ஒத்திருப்பதால் யாரோ இரண்டையும் இணைத்துவிட்டார்கள். பட்டியல் 42, 31, 18, 18, 12, 8, 6, 3 ஆகிறது. ஆறாவது இடத்தில் 8, ஏழாவது இடத்தில் 6. எச் இண்டெக்ஸ் 6-க்கு இறங்கிவிட்டது.

மொத்த சைட்டேஷன் மூன்று நிலையிலும் அதே 138. ஒருவருடைய உழைப்பில் எந்த மாற்றமும் இல்லாமல் 6, 7, 8 என்று மூன்று எண் கிடைக்கிறது. குறைந்தபட்ச எச் இண்டெக்ஸ் இத்தனை வேண்டும் என்று எல்லை போடும் குழுக்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஒருவரைத் தள்ளுவது, தரவுத்தளப் பதிவின் தரத்தை வைத்து ஆய்வாளரைத் தள்ளுவதாகும்.

செய்ய வேண்டியது: ஸ்காலர் பக்கத்தில் கட்டுரைகளைத் தலைப்பு வாரியாக அடுக்கி, இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடியுங்கள். டிஓஐ ஒன்றே என்றால் இணையுங்கள், வேறு என்றால் விட்டுவிடுங்கள். இணைத்தபின் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி வந்தால், அந்த எண்ணிக்கையில் வேறு கட்டுரைக்கு வந்த மேற்கோளும் கலந்திருக்கலாம் என்று பொருள். ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள்.

அறிகுறி: கான்ஃபரன்ஸ் கட்டுரைகள் கணக்கிலேயே இல்லை

மருத்துவத்துக்கோ வேதியியலுக்கோ வகுத்த விதியைப் பொறியியலுக்கும் பூட்டினால் வரும் கோளாறு. நம் துறையில் பல பெரிய யோசனைகள் கான்ஃபரன்ஸில்தான் பிறந்தன. துகள் கூட்ட உகப்பாக்கம் (பிஎஸ்ஓ) என்ற கணிப்பு முறை 1995-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் நடந்த ஐஇஇஇ கான்ஃபரன்ஸில் வந்தது. ஆழ்கற்றலின் போக்கை மாற்றிய ரெஸ்நெட் கட்டுரை 2016-இல் கணினிப் பார்வைத் துறையின் சிவிபிஆர் கான்ஃபரன்ஸில் வெளியானது. கூகுள் ஸ்காலரில் அதற்கு 2 லட்சத்துக்கும் மேல் சைட்டேஷன். ஜர்னல் கட்டுரை மட்டும்தான் எண்ணுவோம் என்றால் இதெல்லாம் பூஜ்ஜியம்.

வெப் ஆஃப் சயின்ஸில் கான்ஃபரன்ஸ் தொகுப்புகளுக்குத் தனி இண்டெக்ஸ். நூலகம் அதை வாங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்கோபஸில் ஆவண வகைச் சல்லடை ஏதாவது போட்டிருக்கிறதா பாருங்கள். "ஸ்கோபஸில் வரும்" என்று அழைப்பிதழில் அச்சடித்ததை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். அந்தத் தொகுப்பின் முந்தைய ஆண்டுகள் உள்ளே இருக்கின்றனவா என்று ஸ்கோபஸின் மூலப் பட்டியலிலேயே தேடிப் பார்த்துவிடலாம். வந்திருந்தாலும் இந்த ஆண்டும் வரும் என்ற உறுதி கிடையாது. காப்புரிமைகளும் தர நிர்ணய ஆவணங்களும் இந்த எண்களில் சரியாக ஏறுவதில்லை. அவற்றை விண்ணப்பத்தில் தனியாக எழுதுங்கள்.

அறிகுறி: கட்டடவியல் பேராசிரியருக்கு 300 சைட்டேஷன், கணினியியல் பேராசிரியருக்கு 3,000. யார் மேல்?

இந்த எண்ணை வைத்து விடை சொல்லவே முடியாது. துறைக்குத் துறை மேற்கோள் காட்டும் பழக்கமும், எழுதும் ஆள்களின் எண்ணிக்கையும் வேறு. துறை சார்ந்து சமன்செய்த அளவீடு இதற்காகவே இருக்கிறது. ஸ்கோபஸ் தரும் எஃப்டபிள்யூசிஐ, அதே துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரைகளின் உலகச் சராசரியை 1 என்று வைத்து ஒப்பிடுகிறது. 1.5 என்றால் சராசரியைவிட 50 சதவீதம் கூடுதல். வெளிவந்த ஆண்டும் அடுத்த மூன்று ஆண்டுகளும்தான் கணக்கு.

ஆனால் கட்டுரைகள் குறைவாக இருந்தால் இதுவும் ஏமாற்றும். நான்கு கட்டுரைகளுக்கு 0.4, 0.5, 0.6, 8.5 என்றால் சராசரி 2.5 வந்துவிடும், மூன்று கட்டுரை சராசரிக்குக் கீழே என்பது மறைந்துபோகும். தனித்தனி எண்களையும் கேட்டு வாங்குங்கள்.

அறிகுறி: சுய மேற்கோளை நீக்கினால் எண் சரிகிறது

ஸ்கோபஸில் சைட்டேஷன் விவரப் பக்கத்தில் சுய மேற்கோளை நீக்கும் தேர்வு இருக்கிறது. அந்த ஆசிரியர் தன்னைத்தானே காட்டியதை மட்டும் நீக்குவது ஒன்று, இணை ஆசிரியர்கள் காட்டியதையும் சேர்த்து நீக்குவது இன்னொன்று. எதைச் செய்தீர்கள் என்று குறிப்பிடுங்கள். ஒரே பாலத்தைப் பத்து வருடம் சோதிப்பவர் தன் முந்தைய முடிவைக் காட்டாமல் எழுத முடியாது, ஆகவே கொஞ்சம் சரிவது இயல்பு. பாதிக்கு மேல் சரிந்தால் கட்டுரைகளைத் திறந்து படிக்க வேண்டும். அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

அறிகுறி: கூட்டாய்வு வரைபடம் நிஜத்தோடு ஒட்டவில்லை

லைடன் பல்கலைக்கழகத்தில் உருவான இலவச மென்பொருளான வாஸ்வியூவரில் ஸ்கோபஸ் கோப்பைப் போட்டால் இணை ஆசிரியர் வலை அழகாக வந்துவிடும். அழகாக இருப்பதாலேயே யாரும் கேள்வி கேட்பதில்லை. மூன்று கோளாறுகள் திரும்பத் திரும்ப வரும்.

ஒரே ஆள் இரண்டு வட்டமாக நிற்பது முதலாவது. பெயர் வடிவச் சிக்கல்தான் இங்கேயும். ஒரு சாதாரண உரைக் கோப்பில் முதல் நிரலில் வந்திருக்கும் பெயர், இரண்டாவதில் மாற்ற வேண்டிய பெயர் என்று எழுதிக் கொடுத்தால் மென்பொருள் ஒன்றாக்கிவிடும். ஆனால் இரண்டு வேறு குமார்கள் ஒரே வட்டமாகியிருந்தால் இந்தக் கோப்பால் பிரிக்க முடியாது. மூலக் கோப்பைத் திறந்து, ஆசிரியர் ஐடியைப் பார்த்து, பெயரோடு ஏதாவது அடையாளம் சேர்த்துவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும்.

இரண்டாவது, ஒரே ஒரு கட்டுரை வலையையே விழுங்குவது. 5 பேர் எழுதியதில் 10 இணைப்பு. 30 பேர் எழுதியதில் 435. அத்தனை பேரும் ஒருவரோடு ஒருவர் நெருங்கி வேலை செய்ததுபோலத் தெரியும். பங்கிட்டு எண்ணும் முறையைத் தேர்ந்தெடுங்கள், அல்லது ஒரு கட்டுரைக்கு அதிகபட்சம் இத்தனை ஆசிரியர் என்ற வரம்பைக் குறையுங்கள். மாற்றியபின் படம் தலைகீழானால், முதலில் பார்த்தது அந்த ஒற்றைக் கட்டுரையின் நிழல் என்று தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது கோளாறு, நாட்டுக் கணக்கில் வருவது. வெளிநாட்டுக் கூட்டாய்வு என்பது ஆசிரியர்களின் முகவரியிலிருந்து எடுக்கப்படுகிறது. பக்கத்து அறை நண்பர் ஓராண்டு கொரியாவில் இருந்துவிட்டு வந்து இரண்டு முகவரியும் போட்டால், அந்தக் கட்டுரை இரு நாட்டுக் கூட்டாய்வாகப் பதிவாகும். அதனால் சதவீதத்தோடு நிறுத்தாமல், ஒரே கூட்டாளியோடு எத்தனை ஆண்டு, எத்தனை கட்டுரை என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். வருடக்கணக்கில் தொடரும் ஜோடிகள்தான் நிஜமான கூட்டாய்வு என்று நான் நினைக்கிறேன். கூகுள் ஸ்காலர் ஓரத்தில் தெரியும் இணை ஆசிரியர் பட்டியலை இதற்கு எடுக்காதீர்கள். அது அவரவர் விரும்பிச் சேர்த்தது, பொதுப் ப்ரொஃபைல் இல்லாதவர் அதில் வரவே மாட்டார்.

யார் என்ன செய்தார் என்பதை இந்த வலை எதுவும் சொல்லாது. கல்யாண்மய் டெப் முதலாசிரியராக நால்வர் 2002-இல் எழுதிய, என்எஸ்ஜிஏ-2 என்ற உகப்பாக்க வழிமுறை பற்றிய கட்டுரையின் சைட்டேஷன் நான்கு பேர் கணக்கிலும் முழுசாகவே ஏறுகிறது. பங்களிப்பைக் காட்ட கிரெடிட் என்ற 14 வகைப் பட்டியல் இருக்கிறது: கருத்துரு, மென்பொருள், சோதனை, எழுத்து என்று ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு என எழுதலாம். ஜர்னல் கேட்காவிட்டாலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், குறிப்பாக ஆய்வு மாணவர்களின் பங்கை.

அறிகுறி: எல்லாம் சரிசெய்தும் அடுத்த மாதம் எண் மாறிவிட்டது

மாறத்தான் செய்யும். தரவுத்தளங்கள் தினமும் புதுக் கட்டுரையைச் சேர்க்கின்றன, இரட்டைப் பதிவுகளைக் களைகின்றன, சில ஜர்னல்களை இனி எடுப்பதில்லை என்று நிறுத்துகின்றன. நிறுத்திய ஜர்னலில் ஏற்கெனவே ஏறிய கட்டுரைகள் பொதுவாக அப்படியே இருக்கும், புதியவைதான் வராது. ஆகவே படிவத்தில் வெறும் "எச் இண்டெக்ஸ் 14" என்று எழுதாமல் இப்படி எழுதுங்கள்: "எச் இண்டெக்ஸ் 14, ஸ்கோபஸ், 2025 மார்ச் 10 நிலவரம், சுய மேற்கோள் நீக்கியது, கான்ஃபரன்ஸ் கட்டுரைகள் உட்பட." பக்கத்திலேயே ஆர்க்கிட் எண்ணும் இருக்கட்டும். சரிபார்ப்பவர் நேராக உங்கள் பதிவுக்கே போய்விடுவார்.